தேயிலை வந்த வழியும் நம் வீட்டுத் தேநீரும்

பெருமுக்கல் என்றவுடன் வரலாறு கற்றோர் நினைவுக்கு வருவன மலைமேல் உள்ள முக்தியாலீசுவரர் கோயிலும், அதன் சோழர் காலக் கல்வெட்டுகளும், குகைப் பாறையில் பண்டைய மாந்தர் கீறிவைத்த உருவங்களுமேயாம். பாண்டிச்சேரியை முற்றுகையிடச் சென்ற ஆங்கிலப் படை 1760-ஆம் ஆண்டில் இம்மலைக் கோட்டையைக் கைப்பற்றிய செய்தியையும் நூல்கள் கூறுகின்றன. இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும், கல்லில் வெட்டப்படாத வரலாறும் ஒன்று உண்டு. நாள்தோறும் காலையில் நம் வீட்டு அடுப்பில் கொதித்துத் தம்ளரில் இறங்கும் பால் தேநீருக்கு உள்ள வரலாறு அத்தகையது. அதனை எழுதுவது வெள்ளிவிழா மலருக்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நம் மக்களின் கைகளும் கால்களும் இந்த ஒரு தம்ளருக்காக எவ்வளவு தூரம் நடந்தன, எவ்வளவு உழைத்தன என்பதை அறிந்தால் அந்த ஐயம் நீங்கும்.

தேநீர் நம் நாட்டுப் பழைய பானம் அன்று. நம் முன்னோர் காலையில் அருந்தியவை நீராகாரமும் கேழ்வரகுக் கூழுமே. சீன நாட்டில் நெடுங்காலமாக வழங்கிய இப்பானத்துக்கு அந்நாட்டிலேயே இரு பெயர்கள் இருந்தன. பெரும்பாலான பகுதிகளில் ‘சா’ என்றனர். தென்கிழக்குக் கடற்கரையார் ‘தே’ என்றனர். நிலவழி சென்ற பெயர் சாயா ஆயிற்று. கப்பல் வழி சென்ற பெயர் டீ ஆயிற்று. நாமோ அந்தத் ‘தே’ என்னும் ஒலியோடு நம் ‘இலை’யைச் சேர்த்துத் தேயிலை என்று வைத்துக்கொண்டோம். இவ்வளவு இயல்பாகத் தமிழோடு ஒட்டிய பிறமொழிச் சொற்கள் சிலவே.

1823-இல் இராபர்ட் புரூசு என்னும் இசுக்காட்லாந்தியர் அசாம் காட்டில் சிங்போ மக்கள் பயன்படுத்திவந்த தேயிலைச் செடியைப் பற்றி அறிந்தார். அசாம் தேயிலை முதன்முதலாக 1839 சனவரியில் இலண்டனில் ஏலம் விடப்பட்டது. பின்னர் நீலகிரியிலும் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையின் கதை சற்றே வேறு. அங்கு முதலில் காப்பியே பயிரிடப்பட்டது. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களை அடியோடு அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867-இல், சேம்சு டெய்லர் என்பவர் கண்டிக்கு அருகில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி மடிந்த இடமெல்லாம் தேயிலை படர்ந்தது. பாடநூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. டெய்லரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. 19 ஏக்கரில் குழி தோண்டியவர் யார் என்ற வினாவை மாணவர் எவரும் வகுப்பில் எழுப்புவதில்லை, ஆசிரியரும் எழுப்புவதில்லை.

குழி தோண்டியவரும், காட்டை வெட்டியவரும், கொழுந்து கிள்ளியவரும் தமிழ்நாட்டினர். செங்கற்பட்டு, தென்னார்க்காடு, வடஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து அவர்கள் சென்றனர். அவர்களுள் பெரும் பகுதியினர் நம் சமுதாயத்தவர். திண்டிவனமும் பெருமுக்கலும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான்.) ஏன் சென்றனர்? ஊரில் அவர்களுக்கு நிலம் இல்லை. படியாளாகவும் பண்ணையாளாகவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இருந்த கூழையும் பறித்துக்கொண்டது. நம் பகுதிக்கு அண்மையில் உள்ள பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் தம் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினர். சென்னையிலிருந்து ஆங்கிலேயர் ஏற்றினர். இலங்கைக்கோ கங்காணி அழைத்துச் சென்றான். முன்பணம் என்னும் கயிற்றை முதலில் கழுத்தில் மாட்டிவிட்டே அவன் அழைத்துச் சென்றான்.

தொடக்க காலத்தில் சென்றோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர் பலர். தோட்டத்தை அடைந்தோருக்கு வரிசையாகக் கட்டிய ‘லயம்’ என்னும் ஒற்றை அறைகளில் இடம் கிடைத்தது. பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ தீர்ந்தாலன்றித் தோட்டம் விட்டுத் தோட்டம் போக இயலாது. 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. நம் நாட்டு மலைத் தோட்டங்களிலும் நிலை இதைவிட மேலானதாக இல்லை. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல், வால்பாறைத் தொழிலாளர் பட்ட துன்பத்தை ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதி 1969-இல் வெளியிட்டார். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா. முருகவேள் அதனைத் தமிழாக்கினார். ‘பரதேசி’ என்னும் திரைப்படத்தைப் பார்த்த இளைஞர்கள் அதற்கு அடிப்படையான இந்நூலையும் படித்தல் வேண்டும்; திரையில் வராதவை நூலில் மிகுதி.

மலை என்பது நமக்குத் துன்பத்தை மட்டும் கொடுத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஊர்க் கட்டுக்கு அப்பால் கூலி காசாகக் கிடைத்த இடம் அது. பண்டிதர் அயோத்திதாசர் இளமையில் வாழ்ந்ததும், 1891-இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டியதும் நீலகிரியிலேயாம். நமக்கு வடக்கே அண்டை வட்டமான மதுராந்தகத்தின் கோழியாளத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசனாரும் நீலகிரியில் கணக்கராக இருந்து, பின்னரே சென்னை சேர்ந்து 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். தேயிலையும் காப்பியும் விளைந்த அந்தக் குளிர்மலையில்தான் நம் இயக்கத்தின் முதல் விதைகள் சிலவும் விழுந்தன.

இனித் தேநீரின் தொழில் நிலையைச் சிறிது காண்போம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப்படுகின்றன. அவற்றை வாடவைத்து, உருட்டிக் கசக்கி, காற்றுப்பட வைத்து நிறம் மாறியபின் உலர்த்துகின்றனர். உலர்ந்ததைச் சலிக்கும்போது பெரிய இலை ஒருபுறமும், உடைந்தது ஒருபுறமும், அடியில் தூளும் பிரிகின்றன. விலை மிக்க இலை கப்பலேறிச் சீமைக்குச் செல்லும். அடியில் தங்கியதே கிள்ளியவர் கைக்கு எட்டும். மலையகத் தமிழர் அதனைக் கொதிக்கவைத்துப் பாலின்றித் ‘தேத்தண்ணி’ என்று பருகினர். சர்க்கரையைக் கலக்காமல், சிறிது வாயில் கடித்துக்கொண்டு சாயத்தை மட்டும் உறிஞ்சும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. சிக்கனம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாத்திரி – சிறிமாவோ உடன்பாடு ஏற்பட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டையைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்த கணக்கு இது. பிரிக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. திரும்பியவர்களுக்கு வேலை தரும் பொருட்டு நீலகிரியில் தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. ஆக, பாட்டன் இலங்கையில் கிள்ளிய கொழுந்தைப் பேரன் கூடலூரில் கிள்ளினான்.

இத்தனை பேர் உழைத்து விளைவித்த தேயிலையை இந்தியர் நெடுங்காலம் பெரிதாகக் குடிக்கவில்லை. 1903-இல் தேயிலை மீது ஒரு தீர்வை விதித்து, அப்பணத்தைக் கொண்டு விளம்பரம் செய்ய அரசு வழி வகுத்தது. 1930-களில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்து சரக்குத் தேங்கியபோதுதான் தோட்ட முதலாளிகளின் கண் உள்நாட்டு மக்கள் மீது முழுமையாகத் திரும்பியது. சந்தையிலும் திருவிழாவிலும் இரயில் நிலையத்திலும் தேநீரை இலவசமாக ஊற்றிக் காட்டினர். எப்படிப் போட வேண்டும் என்றும் பாடம் நடத்தினர். பீங்கான் கூசாவைச் சூடாக்க வேண்டுமாம். ஆளுக்கொரு கரண்டி இலையிட்டு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டுமாம். பால் பேருக்குச் சிறிது. நம் மக்கள் இலவசத்தைக் குடித்தனர், பாடத்தைக் கேட்கவில்லை. பீங்கான் கூசா எவர் வீட்டில் இருந்தது? இருந்த அலுமினியச் சட்டியில் தண்ணீர், தூள், பால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டனர். இன்று உலகெங்கும் இந்தியத் தேநீர் என்று விரும்பப்படுவது அந்தக் கேளாமையால் விளைந்ததே.

இதற்கு இயந்திரம் ஒன்றும் துணைசெய்தது. 1931-இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளைகளை அமைத்தார். சி.டி.சி. என்று பொட்டலத்தின் மேல் காண்பது அதுவே. அம்முறையில் வரும் குருணையும் தூளும் விரைவில் சாயம் இறங்குவன. சிறிது போட்டாலும் நிறமும் கடுமையும் மிகுந்து, எவ்வளவு பால் சேர்த்தாலும் தாங்குவன. விலையும் குறைவு. விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகளில் இம்முறை பரவவே, சில காசுகளுக்குக் கிடைத்த சிறு பொட்டலம் கூலி வீடுகளுக்குள் தேநீரைக் கொண்டுவந்து சேர்த்தது. காப்பி அவ்வாறு வரவில்லை. காப்பி மேற்சாதி நடுத்தர வீடுகளின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளர் பானமாகவும் தமிழ்நாட்டில் பிரிந்து நின்றதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார்.

நம் வீடுகளில் பால் தேநீர் அன்றாடப் பொருளானது இதற்கும் பிற்பட்டே. நான் சிறுவனாக இருந்த 1970-களின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் நாள்தோறும் கொதித்தது வெல்லமிட்ட கடுந்தேநீரே. மணிலாக் கொட்டை பிடுங்கும் காலத்தில் கூலி கையில் புரண்டால் பால் வாங்குவர். அல்லது விருந்தாளி வந்தால் ஆழாக்குப் பால் வாங்கிவரச் சொல்வர். மாட்டை மேய்த்ததும் சாணி அள்ளியதும் நம்மவர். பால் மட்டும் வேறு தெருவில் கறக்கப்பட்டது. ஊர் தோறும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகி, கடன் பெற்று நம்மவர் சிலரும் கறவை மாடு கட்டத் தொடங்கிய பின்னரே நிலை மாறிற்று. மாவட்டச் சங்கங்களை இணைத்த மாநில இணையம் 1981-இல் அமைந்தது. ஆவின் என்று நாம் அறிவது அதுவே.

வீட்டில் தேநீர் போடும் முறையையும் எழுதிவைத்தல் நன்று. வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பயன்படும். நான்கு பேருக்கு இரண்டு தம்ளர் தண்ணீரும் இரண்டு தம்ளர் பாலும் கொள்க. கட்டைவிரல் நுனியளவு இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் இட்டு நன்கு கொதிக்கவிடுக. இஞ்சியைப் பச்சையாகப் பாலில் இட்டால் பால் திரிவதுண்டு. ஆதலின் முதலில் தண்ணீரிலேயே வேகவேண்டும். ஏலக்காய் இருந்தால் ஒன்றை நசுக்கிப் போடலாம், இல்லையெனில் குறையில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நான்கு சிறு கரண்டித் தூளை இட்டு, இரண்டு நிமிடம் மட்டும் விடுக. அதற்குமேல் விட்டால் துவர்ப்பு மிகும். பின்னர் முன்பே காய்ச்சிய பாலை ஊற்றுக. ஒருமுறை பொங்கி எழும்போது தீயைத் தணித்து, மீண்டும் ஒருமுறை எழவிட்டு இறக்கி, ஒரு நிமிடம் மூடிவைத்து வடிகட்டுக. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால்தான் நாக்கைப் பிடிக்கும் கடுமை நீங்கிச் சுவை திரள்கிறது. சர்க்கரையை எப்போது இட்டாலும் கேடில்லை. வெல்லமாயின் கொதிக்கும் பாலில் இடலாகாது; அதன் புளிப்பு பாலைத் திரித்துவிடும். இறக்கிய பின்னரே பொடித்துக் கலக்க வேண்டும். இறுதியில் சொம்பிலிருந்து தம்ளருக்கும் தம்ளரிலிருந்து சொம்புக்கும் இரண்டு முறை ஆற்றினால் சூடு தணிந்து நுரையும் வரும். பழந்துணியில் வடிகட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். கம்பி வடிகட்டி இன்று எங்கும் கிடைக்கிறது.

வீட்டில் போடுவதைப் பற்றி ஏன் இவ்வளவு கூறுகிறேன் என்றால், நம் மக்களுக்கு வீடும் கடையும் ஒன்றாக இருந்ததில்லை. தேநீர்க் கடை தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்தபோது, எல்லோரும் கூடிச் செய்தித்தாள் படிக்கும் புது இடமாக அது வந்தது. ஆனால் பழைய தீட்டும் உடன் வந்தது. நம்மவர்க்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினர். பின்னர் வளைந்த அலுமினியக் குவளையைக் கூரையில் தனியே செருகி வைத்தனர். குடித்தவரே கழுவி அங்கேயே வைக்க வேண்டும். பலகையில் உட்காரக் கூடாது. இரட்டைக் குவளை என்று பெயர் பெற்ற இக்கொடுமையை என் தந்தையார் வயதினர் அனைவரும் அறிவர். என் வயதினருள்ளும் அறியாதவர் குறைவு. ஒரு கடையில் ஒன்பது வயதில் எனக்கும் அக்குவளை நீட்டப்பட்டது. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கை யாருடையது என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

இதனை எதிர்த்து நின்ற வரலாறு நீண்டது. டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச்சு 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகியது தாகத்துக்காக அன்று. இங்கே, பொதுவழிகளிலும் கிணறுகளிலும் நமக்குள்ள உரிமையை இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக்கினார். எம். சி. இராசா முயன்று 1938-இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டத்தைக் கொணர்ந்தார். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்த பின்னும் குவளை கூரையிலேயே இருந்தது. இதனை நாடு முழுவதும் ஆராய்ந்து ஆவணமாக்கியவர் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் ஆவார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, தம் சமுதாயப் பிள்ளைகளுக்கெனத் தனியே வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் அவர். நாடாளுமன்ற உறுப்பினராக உயர்ந்த அவர் தலைமையில் 1965-இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1969-இல் அக்குழு அளித்த அறிக்கை, பல மாநிலங்களிலும் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வழங்கியதை எடுத்துக்காட்டிற்று. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 1976-இல் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணம். பானையை உடைத்த கை எழுதிய அறிக்கை என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு என்பது என் கருத்து. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

இன்று கொட்டாங்குச்சி பெரும்பாலும் இல்லை. ஆயினும், ஒருமுறை குடித்து எறியும் குவளை வந்தபோது சில ஊர்களில் அதுவே நமக்குரிய தனிக் குவளை ஆனது. மற்றவர்க்குக் கண்ணாடித் தம்ளர். தூய்மை என்று பெயர் சொன்னதால் எவரும் குற்றம் சாட்ட இயலவில்லை. கண்ணுக்குப் புலப்படும் தீண்டாமையைவிட இதனைப் பிடிப்பது கடினம்.

கடையில் நமக்கு ஊற்றுவது ஒரு பாதி. நம் வீட்டில் ஊற்றுவதை மற்றவர் குடிப்பது மறு பாதி. இந்த மறு பாதியைச் சட்டம் எட்டாது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களோடு தெருத் தெருவாகச் செல்வது எங்கள் பணி. நம் தெருவில் நுழைந்ததும் எந்த வீட்டிலும் முதல் கேள்வி, “சார், டீ போடட்டுங்களா?” என்பதே. “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்மா” என்ற விடையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்ட தாய் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை. அடுப்பில் வைத்த சட்டியை இறக்கிவிடுவாள்.

அண்மை ஆண்டுகளில் இளைய ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்து குடிக்கின்றனர். சென்ற ஆண்டு ஓர் ஆசிரியை ஒரு தம்ளரைக் குடித்து முடித்தபின், மேலும் அரைத் தம்ளர் கேட்டு வாங்கினார். எத்தனை கரண்டித் தூள் போட்டீர்கள் என்றும் கேட்டார். நான்கு பேருக்கு நான்கு கரண்டி என்று அந்த அம்மையார் சொன்னார். இஞ்சியை முதலில் தண்ணீரில் போடவேண்டும் என்பதும் அவர் சொன்னதே.